தந்திக் கம்பியும் ஐயனார் குதிரையும்

1. முதல் நாள் காட்டிய படம்

குளத்தூர் தாலுகா கச்சேரியில் நான் இரண்டாம் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். சுற்றிலும் வெள்ளைக்காரச் சர்க்காரின் ஜில்லாக்கள், நடுவில் நாங்கள். ராஜா சிறு வயதினர் என்பதால் அவர் பெயரில் தர்பார் ஆண்டது. கச்சேரி இருந்தது கீரனூரில். சேர்ந்த அன்று தாசில்தார் எனக்கு உட்கார இடம் காட்டவில்லை. முதலில் ஒரு படத்தைக் காட்டினார்.

அது துணியில் ஒட்டிய தாலுகா படம். கண்மாய்கள் நீலம், ஊர்கள் கறுப்புப் புள்ளி. நடுவில் வடக்கிலிருந்து தெற்காக ஒரு சிவப்புக் கோடு.

"இது என்னன்னு தெரியுதா?"

"ரயில் ரோடுங்க."

"ரயில் ரோடு இல்ல, இங்கிலீஷ் ராஜ்ஜியம். இதுக்கு அங்கிட்டும் நம்ம தர்பார், இங்கிட்டும் நம்ம தர்பார். கோட்டுக்குள்ள ஒரு கோழி களவு போனாலும் நமக்குக் கேஸ் கெடையாது. திருச்சிராப்பள்ளி மாஜிஸ்திரேட்டுதான் விசாரிக்கணும். தெரியாத்தனமா உள்ள கையை நீட்டுனா ஒன் உத்தியோகம் போயிரும், பாத்துக்க."

ரயில் பாதை போட்டபோது சமஸ்தானம் நிலத்தையும் கொடுத்து, அந்த நிலத்தின் மேலிருந்த அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தது. இரண்டு பக்கமும் வேலி போட்ட ஒடுக்கமான துண்டு, தாலுகாவை நெடுக இரண்டாக வகிர்ந்துகொண்டு போகும். தண்டவாளம் ரயில் கம்பெனிக்குச் சொந்தம். நிலத்தில் போலீசும் கோர்ட்டும் இங்கிலீஷ் சர்க்காருடையவை. ஓரத்துக் கம்பங்களில் ஓடும் தந்திக் கம்பி இந்திய சர்க்காரின் தபால் தந்தி இலாகாவைச் சேர்ந்தது. குறுக்கே போகும் மாட்டுவண்டி ரோடு எங்களுடையது, அதுவும் கேட் வரைக்கும்தான். கேட்டுக்கு அப்புறம் மறுபடி எங்களுடையது.

தாசில்தார் மிகைப்படுத்திச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சேர்ந்த மாதமே சந்தையில் ஒரு ஜேப்படிக்காரன் மாட்டி, கையை உதறிக்கொண்டு ஓடி, ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான். துரத்திப் போன எங்கள் போலீஸ்காரர் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே போய்ப் பிடிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அது இருவருக்கும் தெரியும். மத்தியானம் வரை அவன் பெஞ்சிலும் இவர் வேலியோரத்திலுமாக இருந்தார்கள். நடுவில் அவன், "அண்ணே, வெத்தலை இருந்தா ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டிருக்கிறான். இவரும் கொடுத்திருக்கிறார். கடைசியில் பசி தாங்காமல் அவனாக வெளியே வந்து மாட்டிக்கொண்டான்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று உருப்போட்டுப் பரீட்சை எழுதி வருகிறார்கள். எந்த விஷயம் யார் கையில் என்று கேட்டால் டக்கென்று சொல்கிறார்கள். சந்தோஷம். எங்கள் காலத்தில் அது கையில் தட்டுப்பட்ட விதத்தை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன். இதில் என்னுடைய தப்பு இரண்டு இருக்கிறது. முதல் தப்புக்குச் சிரிக்கலாம்.

2. எட்டு முழம்

தொடர்ந்து மழை தவறியிருந்தது. ரயில் பாதையை ஒட்டிய வேப்பம்பட்டியில் ஐயனாருக்குப் புரவி எடுப்பது என்று முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேளார் மண்ணால் குதிரை செய்து சுட்டு வைப்பார். குறித்த நாளில் விடியற்காலை அதற்குக் கண் வரைந்து கண் திறப்பார். கண் திறந்தபின் அது மண் இல்லை, சாமியின் வாகனம். மூங்கில் சட்டத்தில் ஏற்றி, தோளில் தூக்கி, கோயிலில் கொண்டுபோய் இறக்குவார்கள். இடையில் எங்கும் இறக்கக் கூடாது. இறக்கினால் அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான், ஐயனாருக்கு ஆகாது.

ஊரில் நான்கு கரைகளைச் சேர்ந்த கரைக்காரர்கள். கரை என்றால் கோயிலில் உரிமையுள்ள பங்காளி வகையறா. குதிரைக்குத் தோள் கொடுப்பது அவர்கள் மட்டுமே. குதிரைக்கு மண் வெட்டிக் கொடுப்பது, சூளைக்கு விறகு சுமப்பது, முன்னால் கொட்டடித்துப் போவது எல்லாம் கீழத்தெரு ஆட்கள். சர்க்கார் காகிதத்தில் ஆதிதிராவிடர் என்று எழுதுவோம். கண் திறந்தபின் அவர்கள் குதிரையைத் தொடக் கூடாது. இது மாமூல், அதாவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். மாமூல் என்று எழுதிவிட்டால் எங்கள் கச்சேரியில் அதற்கு மேல் பேச்சில்லை.

வேளார் குதிரை செய்யும் பொட்டல் ரயில் பாதைக்குக் கிழக்கே, கோயில் மேற்கே கண்மாய்க் கரையில். பாதை போட்டபின் எடுக்கும் முதல் புரவி இது. அதனால் ஊர்ப் பெரியவர் பெரியகருப்பன் அம்பலம் கச்சேரிக்கு வந்தார்.

"கேட்டைத் தாண்டிப் போகணுங்க. ரயில்காரவுக தகராறு பண்ணாம ஒரு உத்தரவு வாங்கித் தரணும். இந்தத் தடவை பெரிய குருதை. ஊரு உசுரே அதுலதான் இருக்கு."

கம்பெனிக்கு நான் கடிதம் எழுதினேன். பதில் ஒழுங்காக வந்தது. காலை வண்டி போனபின் கேட் திறக்கப்படும். மாலை வண்டிக்கு முன் கடந்துவிட வேண்டும். கேட்டின் மேல் தந்திக் கம்பி பதினெட்டு அடி உயரத்தில் போகிறது. அது தந்தி இலாகாவின் சொத்து, அதைத் தொடும் அதிகாரம் கம்பெனிக்கும் இல்லை.

பொறுப்புள்ள குமாஸ்தா என்ன செய்வான்? நேரில் போய் அளப்பான். நானும் போனேன். பொட்டலில் குதிரை நின்றுகொண்டிருந்தது. வேளார் முழங்கயிற்றைப் பிடிக்க, நான் குறித்துக்கொண்டேன். எட்டு முழம், அதாவது பன்னிரண்டு அடி. கம்பி பதினெட்டு அடி. ஆறு அடி இடைவெளி. கடந்து செல்ல ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கினேன்.

3. கேட்டில்

புரவி எடுப்பன்று தாசில்தார் விராலிமலைப் பக்கம் முகாம். சமஸ்தானத்தின் சார்பாக நானும் ஒரு போலீஸ்காரரும் கேட்டருகே நின்றோம். ஸ்டேஷனின் தென்கோடியில்தான் கேட். காலை வண்டி போனது. கொட்டுச் சத்தம் கிழக்கிலிருந்து நெருங்கியது.

இருபத்துநாலு பேர் தோளில் குதிரை வந்தது. வெள்ளையும் சிவப்பும் பூசி, கழுத்தில் மாலையோடு, உண்மையிலேயே கம்பீரம். பார்த்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று கம்பியை அண்ணாந்து பார்த்தேன். தரையில் பன்னிரண்டு அடி இருந்த குதிரை இப்போது மனிதத் தோளின் மேல் நின்றது. தோள் ஐந்தடி. அதற்கு மேல் மூங்கில் சட்டம் ஒரு அடி. சட்டத்துக்கு மேல் குதிரை. நான் சுமப்பவர்களை அளக்க மறந்துவிட்டேன்.

"நிறுத்து! நிறுத்து! காது போயிரும்!" என்று வேளார் ஓடி வந்தார். வேலிக்கு இந்தப் பக்கமே குதிரை நின்றது. இன்னும் நாலு எட்டு வைத்தால் காது கம்பியில் மோதும்.

அம்பலம் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னங்க குமாஸ்தா, கயிறு போட்டு அளந்துட்டுத்தான போனீக?"

"குதிரையை அளந்தேங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாய்த்துக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். சாய்த்தால் கழுத்து முறியும் என்றார் வேளார். கையில் தாழ்த்திப் பிடிக்கலாமா என்றால், தோளைவிட்டு இறங்கினாலே இறக்கினதுதான் என்றார். வேறு வழியாகப் போகலாம் என்றால், தந்திக் கம்பி பாதை நெடுகப் போகிறது. கரைக்கார இளவட்டம் ஒருவர், "கம்பியை அத்துவிட்டா என்னங்கிறேன்?" என்று அரிவாளோடு வேலிக்குள் கால் வைத்தார்.

"கம்பியை அத்துட்டு ரெண்டு வருசம் திருச்சி ஜெயில்ல இருக்கீகளா?" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டவர் சவரிமுத்து, தந்தி இலாகா லைன்மேன். ஆவூர்க்காரர். கம்பிக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்ள அன்றைக்கு அவரைப் போட்டிருந்தார்கள். தோளில் ஏணி, இடுப்பில் இடுக்கி. "கழியால தூக்கிவிட்டாலும் கேஸுதான். நீங்க நிக்கிற எடம் ராஜா எடம் இல்ல. உள்ள வந்தா ஒங்க போலீசாலயும் காப்பாத்த முடியாது."

"நீயும் நம்ம ராஜா குடிதானப்பா?" என்றார் அம்பலம்.

"நான் ராஜா குடிதாங்க. கம்பி அவரு குடி இல்லையே."

கம்பியைக் கொஞ்ச நேரம் உயர்த்திப் பிடிக்க எவ்வளவு வேலை என்று கேட்டேன்.

"அரை மணி வேலைங்க. ஆனா ஆர்டர் வேணும்."

4. ஆர்டர்

ஆர்டர் யாரிடம் வாங்குவது என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், பொறுமைசாலி. திருச்சியிலுள்ள தந்தி இஞ்சினீயருக்குத் தந்தி கொடுத்தார். எந்தக் கம்பியை உயர்த்த வேண்டுமோ அந்தக் கம்பியின் வழியாகவே அந்த வேண்டுகோள் போனது.

பதில் வரும்வரை குதிரை தோளில் நின்றது. அதை மறந்துவிடக் கூடாது. இருபத்துநாலு பேர் கீழே நிற்க, மற்ற கரைக்காரர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் விரதம், முந்தின இரவிலிருந்து சாப்பிடவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் மட்டும் குடித்தார்கள்.

உச்சி நேரத்துக்குப் பதில் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் படித்துச் சொன்னார்: "சமஸ்தான அதிகாரிகிட்டேருந்து கோரிக்கை வரணுமாம்."

"நான் சமஸ்தான அதிகாரிதானே?"

"நீர் குமாஸ்தா ஓய்."

தாசில்தார் முகாமில் இருப்பதையும் அவசரத்தையும் சொல்லி மறுபடி தந்தி கொடுத்தோம். இரண்டாவது பதில் வரப் பொழுது சாய்ந்துவிட்டது. தாசில்தார் கேட்டாலும் செல்லாது. தாசில்தார் தர்பாருக்கு எழுத வேண்டும். தர்பார் திருவனந்தபுரத்தில் இருக்கும் கவர்னர் ஜெனரலின் ஏஜெண்டுக்கு எழுத வேண்டும். அவர் இந்திய சர்க்காருக்கு எழுத வேண்டும். அங்கிருந்து தந்தி இலாகா திருச்சிக்கு உத்தரவு போடும். திருச்சியிலிருந்து சவரிமுத்துவுக்கு. சவரிமுத்து கேட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் சொன்னதில் சட்டப்படி ஒரு எழுத்துத் தப்பு கிடையாது. கோபம் வந்தாலும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அவரவர் எல்லைக்குள் அவரவர் ஒழுங்காக இருந்தார்கள்.

5. தோள்

கேட்டுக்குத் திரும்பியபோது இரண்டு பேர் மயங்கி விழுந்திருந்தார்கள்; மற்றவர்கள் அவர்களுக்குப் பனையோலையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பின்பக்க இடதுமூலை தாழ்ந்து குதிரை லேசாகச் சாய்ந்திருந்தது. "தூக்கு, தூக்கு" என்று அம்பலமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து தோள் கொடுத்தார். அறுபது வயதுக்காரர். மாற்றுக்கு வர இனி ஆள் இல்லை. இந்தக் குதிரை போனால் அடுத்தது செய்து, சுட்டு, நாள் பார்த்து எடுப்பதற்குள் விதைப்புக் காலம் முடிந்துவிடும். எனக்கு நம்பிக்கை உண்டா என்பது வேறு. அந்த ஊருக்கு இருந்தது. அன்றைக்கு அவர்கள் கையில் அது ஒன்றுதான் இருந்தது.

கொட்டு நின்றுபோய் வெகு நேரமாகியிருந்தது. கீழத்தெருக்காரர்கள் தள்ளி ஒரு வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மாயழகு என்பவர் எழுந்து வந்தார். கொட்டு மேளத்துக்கு அவர்தான் தலைமை. முப்பது வயது இருக்கும். பத்தடி தள்ளி நின்று கேட்டார்.

"ஐயா, நாங்க தோள் குடுக்கவா?"

சட்டத்துக்கு அடியிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்பலம் தோளை எடுக்காமலே வேளாரைப் பார்த்தார். வேளார், "தரையில வச்சா பூசை கெடையாது. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். மத்ததை ஊருதான் சொல்லணும்" என்றார்.

அம்பலம் என் பக்கம் திரும்பினார். "சர்க்காரு என்ன சொல்லுது?"

"அது ஊர் விஷயங்க. எங்களுக்கு அதில் அதிகாரம் இல்லை" என்றேன்.

காலையிலிருந்து ஸ்டேஷனில் எத்தனை தடவை இந்த வாக்கியத்தைக் கேட்டு மனசுக்குள் வைதிருப்பேன். என் வாயிலிருந்து அது சுலபமாக வந்தது.

மூலை இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. அம்பலம் யாரையும் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆவட்டும்டா" என்றார்.

அவர்கள் கொட்டுகளை வரப்பில் வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவராக நுழைய, ஒவ்வொரு கரைக்காரராக வெளியே வந்து தரையில் சாய்ந்தார். எதையும் எண்ணிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். விரலை நீட்டி எண்ணினேன். இருபத்தாறு பேர். அதில் ஒருவருக்குக் கால் ஊனம், அவரும் நின்றார். குதிரை நிமிர்ந்தது.

அவர்கள் சுமக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சவரிமுத்து மரத்தடியிலிருந்து எழுந்தார். பீடியை எறிந்துவிட்டு ஓர் அளவுகோலை எடுத்துவந்து, கேட்டின் நடுவில் நின்று கம்பிக்கு நேராகப் பிடித்தார்.

"மாஸ்டர் சார், வெயில்ல கம்பி தொஞ்சு போயிருக்கு. ரோட்டுக்கு மேல பதினெட்டு அடி இருக்கணும். ஒரு சாண் கொறையுது. தொய்வு இருந்தா ஆர்டர் இல்லாமலே நான் இழுத்துக் கட்டலாம். அது என் டூட்டி."

ஸ்டேஷன் மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். "நெஜமாவே கொறையறதா?"

"அளந்து பாக்குறீகளா சார்?"

"எனக்கு உள்ள ரெஜிஸ்டர் எழுத வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துபோனார். என்னை யாரும் அளக்கக் கூப்பிடவில்லை. என் அளவின் மேல் யாருக்கும் மரியாதை மிச்சமில்லை.

சவரிமுத்து இரண்டு கம்பங்களிலும் ஏறி இறங்கினார். கம்பியை இழுத்துக் கட்டினார். அதுவும் போதாமல், ஏணி உச்சியில் நின்றுகொண்டு கவைக் கழியால் தாமே கம்பியைத் தூக்கிப் பிடித்து, "வாங்க, வாங்க, நிக்காம வாங்க" என்றார். இருபத்தாறு பேரும் குதிரையோடு கேட்டைக் கடந்தார்கள். கொட்டு இல்லை, குலவை இல்லை. ஜல்லியில் கால்கள் மிதிபடும் ஓசைதான். கேட்டை மூடவும் மாலை வண்டி வரவும் சரியாக இருந்தது.

பிறகு சவரிமுத்துவிடம் கேட்டேன், இந்தத் தொய்வு யோசனை எப்போது வந்தது என்று.

"காலையிலேயே வந்துருச்சுங்க. ஆர்டர் வந்துட்டா பொய் சொல்ல வேண்டியதில்லையேன்னு பாத்தேன். வரலை. அவுக நின்ன நெலையைப் பாத்ததுக்கப்பறம் ஒக்காந்திருக்க முடியல."

கண்மாய்க் கரைக்கு நூறு தப்படி தூரம் இருக்கையில் அம்பலம் முன்னால் போய் நின்றார். "போதும். இனிமே எங்க ஆளுக பாத்துக்கிருவாக." இளைப்பாறியிருந்த கரைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோள் கொடுக்க, கீழத்தெருக்காரர்கள் விலகினார்கள். கொட்டுகளை எடுக்கத் திரும்பி வரப்புக்குப் போனார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள் பூசை முடிந்துவிட்டது.

மழை பெய்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். பெய்தது, எப்போதும் பெய்கிற மாதத்தில். இரண்டாவது தந்தி வந்ததும் முகாமுக்கு ஆள்விட்டு, தாசில்தார் வழியாகத் திருவனந்தபுரம் போன எங்கள் கோரிக்கைக்கும் பதில் வந்தது. நாலு மாதம் கழித்து, குதிரையின் உயரத்தை அங்குலக் கணக்கில் தெரிவிக்கும்படி.

6. ரிப்போர்ட்

மறுநாள் நான் எழுதிய ரிப்போர்ட் எனக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "ஊரார் வழக்கம்போல் புரவியைச் சுமந்து சென்று கோயிலில் சேர்த்தனர். அசம்பாவிதம் ஏதுமில்லை."

அளவில் நான் செய்த தப்பை எழுதவில்லை, என் உத்தியோகத்துக்காக. கம்பியை எழுதவில்லை, சவரிமுத்துவின் உத்தியோகத்துக்காக. மூன்றாவதாகக் கீழத்தெருக்காரர்களின் தோள்கள் விட்டுப்போனதற்கு ஒரு காரணமும் கிடையாது. அது எழுதத் தகுந்த விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இதுதான் நான் சொன்ன இரண்டாவது தப்பு. இதற்குச் சிரிக்க முடியாது.

யுத்த காலத்தில் மறுபடி மழை தவறியது. மறுபடி புரவி. இந்தத் தடவை சிறிய குதிரை. ஊர் புத்தி கற்றுக்கொண்டது. நான் அப்போது தலைமைக் குமாஸ்தா. ஒருநாள் மாயழகு கச்சேரிக்கு வந்தார். ஆவூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்த மனு கையில் இருந்தது. சென்ற புரவியை நாங்கள் சுமந்தோம், ஆகவே இந்தப் புரவிக்குப் பின்பக்கத்தில் நாலு தோளாவது எங்களுக்கு உண்டு என்று உத்தரவாக வேண்டும். அவ்வளவுதான் மனு.

புது தாசில்தார் நியாயமான மனிதர். "முன்னால அப்படி நடந்திருந்தா அது மாமூல்தான். ரெக்கார்டை எடுங்க" என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்தார். "ஊரார்னு போட்டிருக்கே. ஊரார்னா யாரு?"

மாயழகு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் என் ரிப்போர்ட் பொய் என்று ஆகும். பொய் என்றால் ஏன் என்று வரும். கம்பி வரும், சவரிமுத்து வருவார். இத்தனையும் ஒரு கணத்தில் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. யோசிக்கவில்லை. பழக்கத்தில் சொன்னேன்.

"கரைக்காரங்கங்க."

மனு தள்ளுபடி. "மாமூலுக்கு ஆதாரமில்லை" என்று உத்தரவின் நகலை நானே எழுதி, தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி, வெளியே வந்து மாயழகிடம் படித்துக் காட்டினேன்.

"ஐயா, அன்னைக்கு நீங்க அங்கனதான நின்னீக?"

"நின்னேன்."

"வெரலை நீட்டி நீட்டி எங்களை எண்ணுனீகளே?"

"ரெக்கார்டுல இல்லப்பா" என்றேன்.

அவர் கையை நீட்டினார். "அப்ப அந்த மனுவைத் திருப்பித் தாங்க. வாத்தியாருக்கிட்டச் சொல்லணும்."

"அது பைல்ல சேந்துருச்சு. தர முடியாது."

"அது மட்டும் சேந்துக்கிருச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

7. பதினொரு பெயர்

பிறகு சுதந்திரம் வந்தது. சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. படத்தில் சிவப்புக் கோட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே போலீஸ். எந்த அதிகாரம் மேலே, எந்த அதிகாரம் கீழே என்று புத்தகமாக எழுதி வைத்தார்கள். பெரிய காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பட்டியலும் எழுதாத அதிகாரம் ஒன்று உண்டு. அது கச்சேரி மூலையில் ரிப்போர்ட் எழுதும் குமாஸ்தாவின் கையில் இருந்தது. அது அதிகாரம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நடந்ததை, நடந்த அன்றே, ஆள் பெயரோடு எழுதுங்கள். "ஊரார்" என்று எழுதாதீர்கள்.

சவரிமுத்து முழுச் சம்பளமும் பென்ஷனும் வாங்கி ஓய்வு பெற்று, நல்லபடியாக இறந்தார். இனி அவரைக் காப்பாற்ற நான் எதையும் மறைக்க வேண்டியதில்லை. நான் ஓய்வு பெற்றபின் வேப்பம்பட்டிக் கீழத்தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். மாயழகு எப்போதோ குடும்பத்தோடு இலங்கைத் தோட்டத்துக்குப் போய்விட்டாராம். போன இடத்திலிருந்து செய்தி இல்லை. மிஞ்சியிருந்த இரண்டு கிழவர்கள் யோசித்து யோசித்துச் சொன்னார்கள். ஒருவர், "இதை இப்பக் கேட்டு என்னங்க பண்ணப் போறீக?" என்று கேட்டார். எழுதப் போகிறேன் என்றேன்.

அந்த நாளில் பொழுது சாய்ந்ததிலிருந்து மாலை வண்டி வரும்வரையிலும், அதற்குமேல் கோயிலுக்கு நூறு தப்படி முன்பு வரையிலும் வேப்பம்பட்டி ஐயனார் புரவியைத் தோளில் சுமந்தவர்கள்: மாயழகு, அவர் தம்பி சின்னான், கருத்தான், வீரையா, அடைக்கலம், பழனி, சோலை, வெள்ளையன், ஆண்டி, சின்னக்கருப்பன், கால் ஊனத்தோடு நின்ற முத்தன். பதினொரு பேர்.

மற்றப் பதினைந்து பேரை நான் எண்ணத்தான் செய்தேன்; பெயர் கேட்கவில்லை.